முதலில் விழிக்கும் நிரல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு நிமிர்ந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய அம்மலையிற் பெய்யும் மழைநீர் பொட்டியம், கல்படை முதலிய ஓடைகளின் வழியே இறங்கிக் கோமுகி அணையிற் சேர்கின்றது. கச்சிராயபாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் அமைந்துள்ள அவ்வணையில் 46 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கலாம். ஆயினும் மழைக்காலத்தில் அணையின் பாதுகாப்பைக் கருதி 44 அடியளவில் நீரை நிறுத்தி, மிகுந்து வருவதை ஆற்றில் திறந்து விடுவது வழக்கம்.

இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்து அறிதல் வேண்டும். அணையின் கட்டுமானம் ஒன்று. அதில் நீரை எவ்வளவில் நிறுத்துவது, மதகை எப்பொழுது திறப்பது என்னும் ஒழுங்கு மற்றொன்று. கட்டுமானத்தைத் திருத்துவது பெரும்பணி. ஒழுங்கை மாற்றுவதோ ஒரு கட்டளையால் முடிவது. எளிதில் முடிவது என்பதனால் அதனை ஆராயாமல் மாற்றிவிடலாகாது. ஆராயாது மாற்றினால் அணைக்குக் கீழேயுள்ள வயல்களும் ஊர்களும் அல்லலுறும்.

கணினியிலும் இவ்விரண்டும் உள்ளன. கணினியை இயக்குவோர் கண்ணுக்குப் புலப்படாமல், அதன் அடித்தளத்தில் ஒரு சிறு நிரல் உறைகின்றது. அந்நிரல் அணையின் கட்டுமானத்தை ஒக்கும். அது எவ்வாறு நடத்தல் வேண்டும் என்று வகுத்து வைத்த அமைவுகள், நீரை நிறுத்தும் ஒழுங்கை ஒக்கும். அந்நிரலின் பெயர் பயாஸ் என்பது. ‘அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது அப்பெயர். கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர், 1970-களில் தாம் ஆக்கிய சி.பி.எம். என்னும் இயங்குதளத்தின் ஒரு பகுதிக்கு இப்பெயரை வழங்கினார். பின்னர் அது கணினியுலகம் முழுவதும் பரவியது.

கணினியின் பொத்தானை அழுத்தியவுடன் நிகழ்வது யாது? அப்பொழுது அதன் மூளையாகிய செயலி ஒன்றும் அறியாத நிலையில் இருக்கின்றது. விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள் சேமிப்புத் தட்டில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தட்டு எங்கே உள்ளது, அதனை எவ்வாறு படிப்பது என்பதும் செயலிக்குத் தெரியாது. ஆகவே செயலி முதற்கண் தாய்ப்பலகையில் பொருத்தப்பட்ட ஒரு சில்லை நோக்கிச் செல்லுகின்றது. அச்சில்லில் எழுதப்பட்டுள்ள பயாஸ் நிரல் விழித்தெழுகின்றது. அது நினைவகம் செம்மையாக உள்ளதா, விசைப்பலகை இணைந்துள்ளதா, தட்டு எங்கேயுள்ளது என்று ஒவ்வொன்றாக ஆராய்கின்றது. ஆராய்ந்த பின்னர் இயங்குதளத்தை எழுப்பி, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கின்றது. சில நொடிகளில் முடிந்துவிடும் இப்பணி நிகழாவிடின், கணினி வெறும் பெட்டியே ஆகும்.

இனி அமைவுகளைக் காண்போம். நாள், நேரம் ஆகியவை எவை? எந்தத் தட்டிலிருந்து முதலில் இயங்குதளத்தைத் தேடுதல் வேண்டும்? ஒலிவாங்கி, படக்கருவி ஆகியவற்றை இயங்கவிடலாமா? கடவுச்சொல் கேட்டல் வேண்டுமா? இவை போன்ற வினாக்களுக்கு அளித்த விடைகளே அமைவுகள். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், இவ்விடைகளுள் சிலவற்றைத் தாய்ப்பலகையிலிருந்த சிறுசிறு நெம்பிகளை மேலும் கீழும் தள்ளியே அமைத்தனர். 1984-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட அடுத்த கணினியில், மின்கலத்தின் துணையோடு விழித்திருக்கும் ஒரு சிறு நினைவகமும் கடிகாரமும் இடம்பெற்றன. கணினியை அணைத்தாலும் அக்கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். இக்காலக் கணினிகளுட் பெரும்பாலானவை அமைவுகளை மின்சாரம் இன்றியும் நிலைக்கும் நினைவகத்தில் எழுதி வைக்கின்றன. எனினும் கடிகாரத்திற்கு மின்கலமே துணை.

இச்சிறு மின்கலத்தால் விளையும் பெருங்கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். கல்வராயன் மலைமேல் உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றிற் பயிலும் மாணவி ஒருத்தி, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கின்றாள் எனக் கொள்வோம். தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அவளுடைய அண்ணன் பெற்ற பழைய மடிக்கணினி அவளிடம் இருக்கின்றது. விண்ணப்பிக்க அன்றே இறுதிநாள். ஆனால் எத்தனை முறை முயன்றும் அரசின் இணையதளம் திறக்கவில்லை. இணைப்பு ‘பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கையே தோன்றுகின்றது. மலையில் அலைபேசிக் குறிகை குன்றியதே காரணம் என்று அவள் வருந்துகின்றாள். உண்மைக் காரணமோ வேறு. கடிகாரத்தின் மின்கலம் தீர்ந்துபோனமையால் கணினி தன்னைப் பல ஆண்டுகள் பின்னோக்கி வைத்துக்கொண்டது. இணையதளத்தின் நம்பகச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய நாளைக் காட்டும் கணினிக்கு அச்சான்று இன்னும் பிறவாததாகத் தோன்றுகின்றது. ஆதலின் அதனை ஏற்க மறுக்கின்றது. ஆசிரியர் ஒருவர் கணினியின் மூலையிலிருந்த நாளை நோக்கி, அதனைத் திருத்தியவுடன் தளம் திறந்துவிடுகின்றது. காசு போன்ற வடிவுடைய புதிய மின்கலத்தைப் பொருத்திய பின் அத்துன்பம் மீண்டும் வருவதில்லை. அடித்தளத்தில் நேர்ந்த சிறு பிழை, மேலே எவ்வளவு பெரிய தடையாகத் தோன்றுகின்றது!

ஒரு கணினியாயின் ஒருவர் தம் கையாலேயே அமைவுகளைத் திருத்திவிடலாம். அதே பள்ளியின் ஆய்வகத்தில் ஒரே வகைக் கணினிகள் முப்பது இருப்பின் என் செய்வது? ஒவ்வொன்றாக அணைத்து, எழுப்பி, அமைவுப் பக்கத்தைத் திறந்து, ஒரே மாற்றத்தை முப்பது முறை செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்யுங்கால் பதினேழாம் கணினியில் ஒன்றை மறந்துவிடுதலும், இருபத்திரண்டாம் கணினியில் ஒன்றைப் பிழையாக இடுதலும் இயல்பே. இத்துன்பத்தைப் போக்கவே அமைவுகளை ஆளும் மென்கருவிகள் தோன்றின.

இத்துறையில் இந்தியர் பெற்றுள்ள இடம் குறிப்பிடத் தக்கது. இந்தியாவிலிருந்து சென்ற சுப்பிரமோனியன் சங்கர் என்பவரும் பாட் சர்மா என்பவரும் 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் டெல் என்று பெயர்பெற்ற நிறுவனமே அதன் முதல் வாடிக்கையாளர் ஆயிற்று. அந்நிறுவனத்தின் பயாஸ் நிரல் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் இடம்பெற்றது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. கணினி செய்வோர் பயன்படுத்துவதற்கென அந்நிறுவனம் ஆக்கிய மென்கருவிகளுள் ஒன்று, ஒரு கணினியின் அமைவுகள் அனைத்தையும் ஓர் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்துத் தருகின்றது. ஒவ்வோர் அமைவின் பெயரும், அது சில்லில் எழுதப்பட்டிருக்கும் இடமும், அதற்குரிய விடைகளும் அதில் வரிசையாக நிற்கும். இப்பொழுது நடைமுறையில் உள்ள விடைக்கு முன் ஓர் உடுக்குறி இட்டிருக்கும். அக்குறியை ஒரு விடையிலிருந்து மற்றொரு விடைக்கு மாற்றிக் கோப்பைத் திரும்ப உட்செலுத்தினால் அமைவு மாறிவிடும். டெல், எச்.பி., லெனோவோ முதலிய நிறுவனங்களும் தத்தம் கணினிகளுக்கு இத்தகைய வசதிகளை வழங்குகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலும் 2021-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பொதுவழி அமைந்தது.

இப்பட்டியல் முறையால் ஒருவர் ஒரு முறை ஆராய்ந்து செய்ததை முப்பது கணினிகளும் பெறுகின்றன. ஆனால் நன்மையைப் பெருக்கும் கருவி பிழையையும் பெருக்கும் என்பதை மறத்தலாகாது. கையாற் செய்த பிழை ஒரு கணினியைக் கெடுக்கும். பட்டியலிற் செய்த பிழை முப்பதையும் கெடுக்கும். பட்டியலில் பிழை நுழைவதற்கு ஒரு முதன்மையான காரணம் உண்டு. அதனை அறிய, பயாஸ் நிரல் புதுப்பிக்கப்படுதலைப் பற்றி முதலில் அறிதல் வேண்டும். என்னையெனின், நிரல் மாறும்பொழுது பட்டியலும் மாறுகின்றது.

தொடக்கத்தில் பயாஸ் நிரல் அழிக்கவும் மாற்றவும் இயலாத சில்லில் எழுதப்பட்டது. அதில் பிழை காணப்பட்டால் சில்லையே மாற்றுதல் வேண்டும். ஜப்பான் நாட்டின் தோஷிபா நிறுவனத்தைச் சார்ந்த புஜியோ மசுவோகா என்பவர் 1984-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்த பளிச்சு நினைவகம் இந்நிலையை மாற்றியது. மின்சாரம் நின்றாலும் எழுத்து அழியாது. வேண்டும்பொழுது அழித்து மீண்டும் எழுதலாம். பயாஸ் நிரல் அத்தகைய சில்லுக்குக் குடிபெயர்ந்தபின், அதனை இருந்த இடத்திலேயே புதுப்பிக்க முடிந்தது.

எளிதில் எழுதலாம் என்னும் நன்மையே தீயோர்க்கும் வாயிலாயிற்று. 1998-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு மாணவர் ஒருவர் எழுதிய தீநிரல், 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் ஆசியாவின் பல நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. அது தட்டிலிருந்த செய்திகளை அழித்ததோடு, பல கணினிகளில் பயாஸ் சில்லின்மீதும் பொருளற்ற எழுத்துகளை எழுதிவிட்டது. அக்கணினிகள் பொத்தானை அழுத்தியும் விழிக்கவில்லை. அதன்பின் அடித்தள நிரலுக்குப் பூட்டும் காவலும் வேண்டும் என்பதை உலகம் நன்குணர்ந்தது. 2005-ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி அமைத்த மன்றம், பயாஸுக்கு மாற்றாக யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையை வகுத்து வளர்த்தது. நம்பத்தக்க கையொப்பம் பெற்ற நிரலை மட்டும் எழுப்பும் காப்பு அதிற் பின்னர் இடம்பெற்றது. முறை மாறினும் மக்கள் வழக்கில் பயாஸ் என்னும் பழம்பெயரே நிலைத்துவிட்டது.

காவல் வைத்தபின்னும் குறைகள் தோன்றாமலில்லை. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செயலிகளின் அமைப்பிலேயே சில குறைகள் இருப்பது வெளிப்பட்டது. அவற்றைத் தணிக்கும் மருந்துகளுள் ஒரு பகுதி பயாஸ் புதுப்பிப்பின் வழியாகவே கணினிகளைச் சென்றடைந்தது. கணினி விழிக்கும்பொழுது நிறுவனத்தின் இலச்சினை திரையில் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். அப்படத்தைப் படிக்கும் நிரற்பகுதியிலேயே குறைகள் உள்ளன என்று 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வாளர் அறிவித்தனர். அழகிற்காக வைத்த படமும் பகைவர் நுழையும் வழியாகலாம் என்பது அதனாற் புலனாயிற்று. ஆகவே தேவை கருதி பயாஸைப் புதுப்பித்தல் வேண்டுவதே.

பயாஸ் புதுப்பிக்கப்படும்பொழுது பட்டியலுக்கு நேர்வது யாது? புதிய பதிப்பில் சில அமைவுகள் சேரும், சில நீங்கும். அவை எழுதப்பட்டிருந்த இடங்களும் மாறக்கூடும். நேற்று ஓரிடத்தில் கடிகாரத்தைப் பற்றிய விடை இருந்தது எனின், இன்று அங்கே வேறொன்றின் விடை இருக்கலாம். பழைய பதிப்பிலிருந்து எடுத்த பட்டியலைப் புதிய பதிப்பின்மேல் செலுத்தினால் ஒன்றன் விடை மற்றொன்றிற் சென்று விழும். இதனைத் தடுக்கவே அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸின் மென்கருவி எடுத்துத் தரும் பட்டியலின் தலைப்பில் ஓர் அடையாள எண் பொறிக்கப்படுகின்றது. அவ்வெண் பயாஸோடு பொருந்தாதாயின் கருவி எச்சரிக்கை விடுக்கும். பயாஸ் தலைமுறை மாறும்பொழுது கருவியின் பதிப்பும் மாறுதல் வேண்டும். பழைய கருவி புதிய நிரலின் மொழியை அறியாது.

கள்ளக்குறிச்சி வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சி, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டமும் அமைந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மலையும் ஆறும் பெயரவில்லை. ஆனால் மனுக்கள் செல்லவேண்டிய அலுவலகம் மாறிவிட்டது. மாவட்டம் பிரியுமுன் எழுதிய முகவரிப் பட்டியலை ஒருவர் அப்படியே கையாண்டால், அவருடைய மனு விழுப்புரத்திற்குச் சென்று அங்கிருந்து திரும்பும். அவர் எழுதிய மனுவிற் பிழையில்லை. பட்டியலைத் திருத்தாமையே பிழை. பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பழைய அமைவுப் பட்டியலைச் செலுத்துவோர் செய்வதும் இதுவே. மனு திரும்பி வரும். தவறான இடத்திற் சென்று விழுந்த அமைவோ கணினியை எழவொட்டாமற் செய்துவிடக்கூடும்.

ஆதலின் இப்பணியை மேற்கொள்வோர் சில நெறிகளைப் போற்றுதல் வேண்டும். முதலாவது, இருக்கும் நிலையை எழுதி வைத்தல். பயாஸின் பதிப்பெண், நடைமுறையிலுள்ள அமைவுகள் ஆகியவற்றைப் படமெடுத்தோ எழுதியோ காத்தல் வேண்டும். இரண்டாவது, கணினியின் வகையை ஐயமறத் தெரிந்து, அதனைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே அவ்வகைக்குரிய புதுப்பிப்பைப் பெறுதல். பெயர் ஏறக்குறைய ஒத்திருப்பது போதாது. முழுதும் ஒத்தல் வேண்டும். மூன்றாவது, தட்டு பூட்டப்பட்டிருக்கும் கணினிகளில் அதன் மீட்புத் திறவெண்ணை முன்னரே கையில் வைத்திருத்தல். அடித்தளம் மாறியதைக் கண்ட பூட்டு, தன் உரிமையாளரையும் ஐயுற்றுத் திறவெண்ணைக் கேட்கக்கூடும். நான்காவது, முப்பது கணினிகள் இருப்பின் முதலில் ஒன்றில் மட்டும் செய்து, சில நாள் இயக்கிப் பார்த்தபின் ஏனையவற்றிற் செய்தல். ஐந்தாவது, புதுப்பித்தபின் புதிய பதிப்பிலிருந்து புதிய பட்டியலை எடுத்து, பழைய குறிப்போடு ஒப்பிட்டு, வேண்டிய மாற்றங்களை மீண்டும் இடுதல்.

இவையனைத்தினும் தலையாய நெறி மற்றொன்று உண்டு. சில்லில் எழுத்து எழுதப்படும்பொழுது மின்சாரம் நிற்றலாகாது. பழைய எழுத்தை அழித்துப் புதிய எழுத்தைப் பொறிக்கும் இடைவேளையில் மின்சாரம் நின்றால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்னும் நிலை நேரும். அடுத்த முறை பொத்தானை அழுத்தினால் விழிப்பதற்கு அங்கே நிரல் இராது. அதனை எழுப்ப வேண்டிய நிரலே அழிந்தமையால், கணினி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளவும் மாட்டாது. சில கணினிகளில் இதற்கென மற்றொரு படி காக்கப்பட்டிருக்கும். அஃது இல்லாதவற்றைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலுள்ள வல்லுநரிடம் கொண்டு சென்று, சில்லில் தனிக்கருவியால் மீண்டும் எழுதுவித்தல் வேண்டும். காற்றும் மழையும் மின்கம்பிகளை அறுக்கும் மலையூர்களில் இத்தீங்கு நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி. அங்ஙனம் நேர்ந்தால் பழுதுபார்ப்போரும் அண்மையில் இரார். எனவே மடிக்கணினியின் மின்கலத்தை நிறைத்து, மின்னிணைப்பையும் கொடுத்து, வானம் தெளிந்திருக்கும் வேளையில் இப்பணியைத் தொடங்குதலே அறிவுடைமை. தொடங்கியபின் திரை அசையாதது போலத் தோன்றினும் பொத்தானை அழுத்தாது பொறுத்திருத்தல் வேண்டும்.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். அமைவுகளை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது என்பதனைப் பயாஸின் கடவுச்சொல் வரையறுக்கின்றது. அதனை இடாதுவிட்டால் எவரும் எதனையும் மாற்றலாம். இட்டு மறந்தால் உரியவரும் மாற்ற இயலாது. ஒருவர் மட்டுமே அறிந்திருந்து அவர் வேறூருக்கு மாற்றலாகிச் சென்றால், பின்வருவோர் திகைத்து நிற்பர். ஆகவே பொதுவுடைமையாகிய கணினிகளின் கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு, பொறுப்புடையாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெறுதல் நல்ல வழக்கமாகும்.

கோமுகி அணையின் மதகுகளைப் பழுதுபார்ப்பதற்கு ஏற்ற காலம் வெள்ளக் காலமன்று; நீர் தாழ்ந்திருக்கும் கோடைக்காலமே. அப்பொழுது நீர்மட்டத்தைக் குறித்து, மதகை ஆராய்ந்து, துருவைக் களைந்து, எண்ணெயிட்டு வைத்தால், ஐப்பசி மழையில் அது சொன்னபடி கேட்கும். அணைக்குக் கீழே நெல் விளைவிப்போர் அம்மதகைக் கண்டிருக்கவும் வேண்டுவதில்லை. அது செம்மையாயிருப்பதே போதும். அதுபோல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மலைநாட்டு மாணவி பயாஸ் என்னும் பெயரையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. அவள் பொத்தானை அழுத்தும்பொழுது கணினி சரியான நாளோடு விழித்தால் அதுவே போதும். கண்ணுக்குப் புலப்படாத அடித்தளத்தைப் பேணுவோரின் பொறுமையே, மேலே வாழ்வோர்க்குத் தடையற்ற வழியாகின்றது.